வன்னிக்காட்டு நன்னாரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட இலங்கையின் வன்னியில், நெடுங்கேணிப் பக்கம் எங்கள் அப்பப்பா பரியாரியாராக, அதாவது நாட்டு வைத்தியராக இருந்தவர். அவரிடமிருந்து வைத்தியம் எனக்கு வரவில்லை. மருந்துவேர் தேடிப் போகும்போது உரப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் திரிந்த பழக்கம் மட்டும் வந்தது. ஆனாலும் கோடை தொடங்கி வெக்கை ஏறினால், "நன்னாரி எப்படி அவிக்கிறது?" என்று கேட்டு யாராவது வந்துவிடுவார்கள். வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிற பிள்ளைகளும் கேட்பார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

நன்னாரி என்பது எந்தச் செடி?

செடி இல்லை, கொடி. கம்பி மாதிரி மெலிந்த தண்டு. பக்கத்தில் பற்றை இருந்தால் சுற்றி ஏறும், இல்லாவிட்டால் நிலத்தோடு படரும். இலைகள் எதிரெதிராக இருக்கும். கடும்பச்சை இலையின் நடு நரம்பை ஒட்டி வெள்ளைக் கோடு ஓடும். தண்டை ஒடித்தால் பால் வரும். பூ மிகச் சிறியது, வெளியே பச்சை, உள்ளே கத்தரிப்பூ நிறம். தேடினால்தான் கண்ணில் படும். காய் இரண்டிரண்டாக, மெல்லிய கொம்புபோல விரிந்து நிற்கும். முற்றி வெடித்தால் எருக்கம் பஞ்சு மாதிரி வெள்ளைப் பட்டோடு விதை பறக்கும். எருக்கு, அலரி எல்லாம் இதற்கு ஒரே குடும்பம்தான்.

புதிதாகப் பார்க்கிறவர்களை இலைதான் ஏமாற்றும். ஒரே இடத்தில் நிற்கும் கொடிகளில் ஒன்றில் இலை புல்லுப்போல ஒடுங்கி நீண்டிருக்கும், இன்னொன்றில் முட்டை வடிவாக அகன்றிருக்கும். இரண்டும் நன்னாரிதான்.

தாவரவியலில் இதன் பெயர் ஹெமிடெஸ்மஸ் இண்டிகஸ். சிங்களத்தில் இரமுசு. வடமொழியில் சாரிவா, அனந்தமூலம். பழைய சித்த வைத்திய வழக்கில் பாதாளமூலி, பாற்கொடி என்றும் வரும். பாதாளமூலி என்று ஏன் சொன்னார்கள் என்பது தோண்டிப் பார்த்தவருக்குப் புரியும். மேலே ஒரு முழக் கொடிதான் நிற்கும், கீழே வேர் போய்க்கொண்டே இருக்கும்.

வன்னியில் எங்கே காணலாம்?

பாலை, முதிரை, வீரை மரங்கள் நிற்கிற காட்டின் ஓரங்களில், வெயிலும் நிழலும் கலந்து விழும் இடத்தில். அடர்ந்த காட்டின் நடுவில் குறைவு. குளக்கட்டின் பின்பக்கம், பழைய வண்டிப் பாதை ஓரம், ஒருகாலம் வெட்டிவிட்டுக் கைவிட்ட காணிகளில் பற்றை ஏறிய இடம், இங்கெல்லாம் செம்மண்ணும் சரளையும் கலந்த தரையில் நிற்கும். மாரி மழை முடிந்து தை, மாசியில் புதுத்துளிர் தெரியும். ஆடி வெயிலில் இலை கொட்டிக் காய்ந்த கம்பியாகக் கிடக்கும், வேர் உயிரோடுதான் இருக்கும்.

ஒன்று சொல்லவேண்டும். போர் 2009இல் முடிந்தாலும் மிதிவெடி அகற்றும் வேலை அதன்பிறகும் வருடக்கணக்காக நடந்தது. சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிற்கிற பக்கம் எந்த மூலிகைக்காகவும் போகக்கூடாது. பலகை இல்லாவிட்டாலும், ஊரவர் விறகுக்கோ மாட்டுக்கோ போகாத காட்டுக்குள் நீங்களும் போகாதீர்கள். பிறகு யானை வேறு.

வேறு கொடியோடு மாறுபடுமா? எப்படி நிச்சயப்படுத்துவது?

மாறுபடும். அதனால்தான் மணம் பார்க்காமல் நன்னாரி என்று சொல்லக்கூடாது.

அப்பப்பா செய்வதை அப்படியே சொல்கிறேன். கொடியின் அடியில் கூர்த்தடியால் மண்ணை மெல்லக் கிளறி, பென்சில் தடிப்பில் ஒரு வேரை வெளியே எடுப்பார். மேல்தோல் கருஞ்சிவப்பு, குறுக்காக வெடித்திருக்கும். நகத்தால் தோலைச் சுரண்டி உள்ளங்கையில் தேய்த்து மூக்கருகே கொண்டுபோவார். பிறகு என் மூக்கருகே நீட்டுவார். வனிலா ஐஸ்கிறீம் தெரிந்த பிள்ளைகளுக்கு உடனே அது நினைவு வரும். எனக்கு அந்த நாளில் ஐஸ்கிறீம் தெரியாது, கோயில் மடப்பள்ளி வாசம் மாதிரி இருந்தது. மணம் இல்லையென்றால் வேரைத் திரும்பப் புதைத்து, மேலே மண்ணைக் காலால் தட்டிவிட்டு நடந்துவிடுவார். "இருக்கலாம்" என்று பையில் போட்டதை நான் கண்டதில்லை.

அந்த மணத்துக்குக் காரணம் 2-ஹைட்ரொக்ஸி-4-மெதொக்ஸி பென்சால்டிஹைட் என்ற பொருள். வனிலாவின் வனிலினும் இதுவும் ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை. அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு. ஐஸ்கிறீம் ஞாபகம் வருவது அதனால்தான்.

மாறுபடக்கூடிய கொடிகளில் முக்கியமானது நஞ்சறுப்பான். அதுவும் சுற்றி ஏறும், எதிரெதிர் இலை. வயிற்றுக்குள் போனால் வாந்தி எடுக்கவைக்கும். பரியாரிமார் அளவறிந்து கொடுக்கிற மருந்து அது, நாங்கள் தேநீராக அவித்துக் குடிக்கிற சாமான் இல்லை. பால்வள்ளி என்று இன்னொரு கொடி, அதிலும் பால் வரும், வேரில் இந்த மணம் இருக்காது. கார்த்திகைப்பூக் கொடியை நன்னாரி என்று யாரும் நினைக்கமாட்டார்கள், இலை நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும், பூத்தால் தூரத்திலேயே தெரியும். ஆனால் பூ இல்லாத காலத்தில் அதே பற்றைக்கடியில் தோண்டும்போது அதன் கிழங்கு கையில் வரலாம். அது கொல்லும் நஞ்சு. அதில் இருக்கும் கொல்கிசின் உடலைப் படிப்படியாக அழிக்கும். நன்னாரிக்குக் கிழங்கே கிடையாது, கம்பிபோல வேர் மட்டும்தான். கையில் கிழங்கு வந்தால் விட்டுவிடுங்கள்.

எப்போது, எப்படித் தோண்டுவது?

மழை விட்டு மண் இன்னும் இளகியிருக்கும்போது. தை பிற்பகுதி நல்ல காலம். சோளகக் காற்றில் நிலம் இறுகியபிறகு அலவாங்கு போட்டால் வேர் துண்டு துண்டாக அறும், பாதி மண்ணுக்குள்ளேயே போய்விடும்.

தாய்வேரைத் தொடக்கூடாது. ஒரு பக்கத்தில் மட்டும் மண்ணை விலக்கி, பக்கவேர் ஒன்றிரண்டை வெட்டி எடுத்துவிட்டு, மண்ணை மூடி, கிடக்கிற சருகை மேலே தள்ளிவிட வேண்டும். அடுத்த மாரிக்குக் கொடி பழையபடி துளிர்க்கும். கொடியோடு பிடுங்கியெடுத்தவர்கள் அந்த இடத்துக்குப் பிறகு வரத் தேவையில்லை, அங்கே ஒன்றும் இராது. எங்கள் ஊரில் பெரிய குளத்தின் கட்டோரம் நான் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது கால் வைக்கிற இடமெல்லாம் நன்னாரி. இப்போது ஒரு முழு வளவைச் சுற்றி வந்தால் நாலு கொடி கிடைக்கும். கிலோக் கணக்கில் வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு உரப்பை உரப்பையாகக் கிளறினார்கள், அதுதான் கதை.

வன இலாகாவின் ஒதுக்குக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். சொந்தக் காணி, தெரிந்தவரின் காணி, இதற்குள் நிற்பது நல்லது.

எடுத்த வேரை என்ன செய்வது?

மண் போகக் கழுவி, நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலில் போட்டால் விரைவாகக் காயும், மணமும் விரைவாகப் போகும். ஓலைப்பாயில் நாலைந்து நாள் கிடந்தால் போதும். ஒடித்தால் 'டக்' என்று சத்தம் வரவேண்டும். பிறகு மூடி இறுக்கமான கண்ணாடிப் போத்தலில் போடுங்கள். பிளாஸ்ரிக் பையில் கட்டித் தொங்கவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் கண்ட வேரைக் கழுவிப் பாவிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம், எறியுங்கள்.

நம் ஆட்கள் இதை எதற்கெல்லாம் பாவித்தார்கள்?

முதலாவது, உடம்புச் சூட்டுக்கு. சித்த வைத்தியத்தில் நன்னாரியின் சுவை இனிப்போடு சிறு கைப்பு, தன்மை குளிர்ச்சி. உடலைத் தேற்றும், வியர்வையையும் சிறுநீரையும் பெருக்கும் என்பது அதன் செய்கை. வன்னியில் சித்திரையில் சூடடித்துவிட்டு வருகிறவருக்கு ஒரு செம்பு நன்னாரித் தண்ணீர் கொடுத்தால் முகம் தெளிந்துவிடும். மருந்து என்று பெயர் சொல்லாமலே கொடுத்த மருந்து அது.

இரண்டாவது, சலக்கடுப்புக்கு. தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நின்று, போகும்போது எரிகிறது என்று வருகிறவர்களுக்கு நன்னாரி வேரும் நெருஞ்சில் முள்ளும் சேர்த்து அவித்துக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். பாதி வேலையை அதிலுள்ள தண்ணீரே செய்கிறது என்பது என் எண்ணம். ஆனால் சலத்தில் இரத்தம் வந்தாலோ, காய்ச்சலும் குளிரும் சேர்ந்தாலோ, விலாப்பக்கம் குத்தினாலோ அது வேறு சங்கதி, கிருமித்தொற்றாகவோ கல்லாகவோ இருக்கலாம். ஆஸ்பத்திரியில் சலம் பரிசோதிக்க அரை மணித்தியாலம் போதும்.

மூன்றாவது, தோலுக்கு. வேர்க்குரு, சொறி, கட்டி. உள்ளுக்குக் குடிநீராகவும், வெளியே அரைத்துப் பூசவும் செய்தார்கள். வேர்க்குருவுக்கு அம்மியில் வேரை உரசி, அந்த விழுதைப் பிள்ளைகளின் கழுத்தில் அம்மம்மா தடவிவிடுவார். குளிர்ச்சியாக இருக்கும், மணமாகவும் இருக்கும், பிள்ளை சொறிவதை மறந்துவிடும்.

வயிறு மந்தம், பசியின்மை, வாய்ப்புண் என்று இன்னும் பட்டியல் நீளும். அதில் பலதும் "சூடு" என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

எப்படி அவிப்பது?

இதில்தான் எல்லாரும் பிழை விடுகிறார்கள், நானும் விட்டிருக்கிறேன். மற்றக் குடிநீருக்கெல்லாம் எட்டொன்றாக வற்றவேண்டும் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவன், முதல் தடவை தனியாக அவித்தபோது நன்னாரியையும் திறந்த சட்டியில் ஒரு மணித்தியாலம் கொதிக்கவிட்டேன். வீடு முழுக்க நல்ல வாசம். அப்பப்பா திண்ணையில் இருந்தபடியே, "நல்லா மணக்குது. இனிச் சட்டிக்குள்ள என்ன மிச்சம்?" என்று கேட்டார். வாயில் விட்டுப் பார்த்தேன், சிவந்த தண்ணீர், வேறு ஒன்றுமில்லை. அந்த மணப்பொருள் ஆவியோடு பறந்துவிடும் இனம். அதை வேரிலிருந்து பிரித்தெடுக்கிறவர்களே நீராவி விட்டுத்தான் எடுக்கிறார்கள்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். சுண்டுவிரல் நீளத்தில் காய்ந்த வேர் நாலைந்து துண்டு. உரலில் போட்டு இரண்டு இடி, நடுவே இருக்கிற கட்டை விலகித் தோல் நொறுங்கும். மணமும் சாரமும் தோலில்தான் கூடுதலாக இருக்கிறது, கட்டையை எடுத்து எறிந்தாலும் பரவாயில்லை. ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, நொறுக்கிய தோலைப் போட்டு, தட்டுப்போட்டு மூடி, இருபது நிமிடம் விடுங்கள். வடித்தால் தேயிலைச் சாயத்தை விட இளஞ்சிவப்பாக இருக்கும். பனங்கட்டி ஒரு கடியோடு குடிப்பது எங்கள் முறை. கைப்பு இருக்காது, அதனால் பிள்ளைகளும் முகம் சுழிக்கமாட்டார்கள்.

இன்னும் நல்ல முறை மண்பானை முறை. நொறுக்கிய வேரைத் துணியில் முடிந்து, இரவு பானைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டால் காலையில் தண்ணீர் முழுக்க மணக்கும். அன்றைக்கே குடித்து முடித்துவிட வேண்டும். கொதித்தாறிய தண்ணீராக இருக்கட்டும், கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள்.

பரியாரி நோய்க்கென்று எழுதித்தருகிற வற்றல் குடிநீர் வேறு. அதில் நன்னாரி பத்துச் சரக்கில் ஒன்றாக நிற்கும். அதை அவர் சொன்னபடிதான் வற்றவைக்க வேண்டும், இந்த விதியை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

சர்பத்தும் இதுவும் ஒன்றா?

வேர் ஒன்றுதான். சர்பத் என்றால் நன்னாரிச் சாறு கலந்த சீனிப்பாகு. ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு கை நிறைய நொறுக்கிய வேர், இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் வடித்து, ஒரு கிலோ சீனி போட்டு மெல்லிய நெருப்பில் கம்பிப்பதத்துக்கு முன்னால் இறக்கி, தேசிக்காய்ச் சாறு கொஞ்சம் விட்டுப் போத்தலில் அடைத்தால் சரி. குடிக்கும்போது இரண்டு மேசைக்கரண்டிக்கு ஒரு தம்ளர் தண்ணீர், ஊறவைத்த கசகசா. நாங்கள் கசகசா என்று சொல்வது திருநீற்றுப்பச்சை விதையை. தமிழ்நாட்டார் வந்தால் குழம்பிப் போவார்கள்.

விருந்துக்கு நல்லது. ஆனால் "நன்னாரி உடம்புக்கு நல்லது" என்று சொல்லிக்கொண்டு ஒரு நாளைக்கு நாலு தம்ளர் சர்பத் குடித்தால் உடம்புக்குள் போவது சீனி.

இரத்தத்தைச் சுத்தப்படுத்துமா?

இந்தச் சொல்லுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. அமெரிக்காக் கண்டத்திலிருந்து போன சர்சபரில்லா என்ற வேரை ஐரோப்பியர் இரத்தசுத்தி மருந்தாக, முக்கியமாக மேகநோய்க்கு, பாவித்தார்கள். இங்கே வந்த வெள்ளையர் நம் ஆட்கள் நன்னாரியை அதே மாதிரிக் கொடுப்பதைக் கண்டு, அதற்கு இந்தியச் சர்சபரில்லா என்று பெயர் வைத்தார்கள். 1864இல் வெளிவந்த முதலாவது பிரித்தானிய மருந்துக் கோவையில் நன்னாரி வேரும் இருந்தது. பிற்காலப் பதிப்புகளில் அது விழுந்துவிட்டது.

இரத்தத்தைச் சுத்தம் செய்வது சிறுநீரகமும் ஈரலும். வேர் அந்த வேலையைச் செய்யாது. சிபிலிஸ் என்கிற மேகநோய்க்கு இன்றைக்கு மருந்து பெனிசிலின், நன்னாரி இல்லை. அந்த நோயை ஒளித்து வைத்துக்கொண்டு வேர் தேடி வந்தவர்களை அப்பப்பாவே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார், பெயர் வெளியே வராமல்.

பாம்புக்கடிக்கு நன்னாரி வேர் என்கிறார்களே?

வேண்டவே வேண்டாம். வேரிலிருந்து பிரித்தெடுத்த சில பொருள்கள் புடையன் விடத்தின் சில விளைவுகளை ஆய்வுகூடத்தில், விலங்குகளில் குறைத்ததாக இந்தியாவில் ஆய்வுகள் வந்திருக்கின்றன. அதைப் பிடித்துக்கொண்டு வேரை மென்று விழுங்கினால் போதும் என்று முகநூலில் எழுதுகிறார்கள். ஆய்வுகூடத்துப் பொருளும் நீங்கள் மெல்லுகிற வேரும் ஒன்றில்லை.

வன்னி வயலில் கடிக்கிற கண்ணாடிப் புடையனின் விடம் இரத்தம் உறைவதைக் குழப்பி, சிறுநீரகத்தையும் பாதிக்கும். ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல், கட்டு இறுக்காமல், வெட்டி உறிஞ்சாமல், நேரே ஆஸ்பத்திரி. 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். விடமுறி ஊசி அங்கேதான் இருக்கிறது. போகிற வழியில் யாராவது வேர் நீட்டினால் வாங்கவேண்டாம், வாய்வழி எதுவும் கொடுக்கவேண்டாம்.

காய்ச்சலுக்குக் கொடுக்கலாமா?

முந்தி வன்னியில் காய்ச்சல் என்றால் மலேரியாதான். காடு வெட்டிக் குடியேறியவர்களில் அது தொடாத வீடு குறைவு. நிலவேம்பு, நன்னாரி, மல்லி என்று குடிநீர் அவித்ததெல்லாம் அந்தக் காலத்துப் பழக்கம். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடு என்று அறிவித்தது. இப்போது நாங்கள் பயப்படவேண்டியவை டெங்கும் எலிக்காய்ச்சலும். வயல் சேற்றில் நின்றவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே வைத்தியரிடம் போகவேண்டும், வயலுக்குப் போனதையும் சொல்லவேண்டும். காய்ச்சல்காரர் நிறைய நீராகாரம் குடிக்கலாம், அதில் நன்னாரித் தண்ணீரும் ஒன்றாக இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. அது காய்ச்சல் மருந்து என்று எண்ணிக்கொண்டு இரண்டு நாள் வீட்டில் கிடப்பதில்தான் மறுப்பு.

புற்றுநோய்க்குக் குடிநீர் இருக்கிறதாமே?

இலங்கையில் கருஞ்சீரகம், நன்னாரி வேர், பறங்கிப்பட்டை இனக் கிழங்கு ஒன்று, இந்த மூன்றும் சேர்ந்த குடிநீர் பாரம்பரிய வைத்தியர் கொடுத்துவந்த ஒன்று. களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000களில் அதை எலிகளிலும் ஈரல் புற்றுக் கலங்களிலும் சோதித்து, புற்று வளர்ச்சி குறைந்ததாக எழுதியிருக்கிறார்கள். மெய்யான, மதிக்கவேண்டிய வேலை. ஆனால் எலியிலிருந்து மனிதருக்கு வருகிற வழி நீளமானது. மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சிகிச்சை எடுக்கிறவர் அதை விட்டுவிட்டு இந்தக் குடிநீருக்கு மாறக்கூடாது. சேர்த்துக் குடிக்க விரும்பினாலும் முதலில் அங்குள்ள வைத்தியரிடம் சொல்லவேண்டும். மறைத்துக் குடிப்பதுதான் கெடுதல்.

சீனி வருத்தம், பிரசர், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள்?

சீனி வருத்தக்காரர் சர்பத்தைத் தொடவேண்டாம். வெறும் நன்னாரித் தண்ணீரை எப்போதாவது குடிப்பது வேறு. ஆனால் விலங்கு ஆய்வுகளில் இரத்தச் சீனியைக் குறைத்திருக்கிறது, அதனால் குளிசையோ ஊசியோ எடுக்கிறவர் நாள்தோறும் குடிக்கத் தொடங்கினால் வைத்தியருக்குச் சொல்லிவிட்டு, சீனி பார்த்துக்கொண்டு குடிக்கவேண்டும். பிரசருக்குச் சலம் போகிற குளிசை எடுக்கிறவருக்கும் இதே சொல்தான்.

சிறுநீரகத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்லவேண்டும். வடமத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்த, காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் வவுனியாப் பக்கத்து விவசாயக் கிராமங்களையும் தொட்டிருக்கிறது. அப்படியான ஊரில், "சலம் நல்லாப் போகும்" என்று சொல்லி யாராவது வேர்க்குடிநீர் கொடுத்தால் ஆளுக்கு ஆசை வருவது இயல்பு. இரத்தத்தில் கிரியற்றினின் என்ற கழிவு கூடிவிட்டது என்று கிளினிக்கில் சொல்லப்பட்டவர் எந்த மூலிகையையும் கேட்காமல் குடிக்கக்கூடாது, நன்னாரி உட்பட. எங்கள் உறவில் ஒருவர் அப்படி மூன்று மாதம் கலவைக் குடிநீர் ஒன்றைக் குடித்து, கிளினிக்கையும் விட்டுவிட்டு, கடைசியில் இரத்தம் சுத்திகரிக்கும் மெசினுக்குத்தான் போனார். குடிநீர்தான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. விட்ட மூன்று மாதம் திரும்ப வராது.

பிள்ளைத்தாய்ச்சியும் குழந்தைகளும்?

வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மருந்தளவில் வேண்டாம். கர்ப்பிணிகளில் இதைச் சரியாகச் சோதித்ததில்லை. ஆசைக்கு ஒரு வாய் குடித்துவிட்டேன் என்று பயப்படவும் தேவையில்லை, அடுத்த தடவை வருகிற குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்குக் கீழே குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம்.

கடையில் வாங்குவது உண்மையான நன்னாரியா?

சிலவேளை. இந்தியாவிலிருந்து வருகிற சர்பத்திலும் வேரிலும் மாகாளிக்கிழங்கு கலப்பது அங்கே வழமை. அதுவும் இதே மணப்பொருளைக் கொண்டது, தடித்த சதைப்பற்றான வேர், ஊறுகாய் போடுவார்கள். நஞ்சில்லை, ஆனால் நன்னாரியும் இல்லை. அது தென்னிந்திய மலைகளின் செடி, நம் நாட்டில் காடாக வளராது.

சரக்குக் கடையில் வாங்கும்போது தூளாக வாங்காதீர்கள். வேராகவே கேளுங்கள், ஒன்றை ஒடித்து மணந்து பாருங்கள். தடிப்பு விரலளவுக்கு மேல் போனால் சந்தேகப்படுங்கள். ஒருமுறை நகரத்துக் கடையொன்றில் அழகாகப் பொதி செய்த வேர் வாங்கிவந்தேன். பொதியைத் திறக்கும்போது அடித்த மணம் வேரைத் தண்ணீரில் கழுவியதும் போய்விட்டது. எசன்ஸ் தெளித்திருக்கிறார்கள். நன்னாரியில் மணம் தோலுக்குள் இருக்கும், கழுவினால் இன்னும் எழும்பும்.

பரியாரியிடம் போவதானால்?

பதிவு இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கமில்லை. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டப்படி சித்த வைத்தியர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவம் படித்து வெளியேறியவர்கள் வன்னி மாவட்டங்களின் அரச சித்த வைத்தியசாலைகளிலும் வேலை செய்கிறார்கள். நீங்கள் எடுக்கிற ஆங்கில மருந்துக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள்.

வீட்டில் வளர்க்கலாமா?

வளர்க்கலாம், பொறுமை இருந்தால். விதை பஞ்சோடு பறப்பதற்கு முன்னால் காயைத் துணியால் கட்டிவைத்து எடுக்கவேண்டும், எடுத்தவுடனே போடவேண்டும், வைத்திருந்தால் முளைக்காது. தண்டுத் துண்டு, வேரோடு கூடிய அடித்துண்டு சுலபம். மணல் கூடிய கலவையில், அரைநிழலில், மாரி தொடங்கும்போது நடுங்கள். தண்ணீர் தேங்கினால் அழுகும். இரண்டு வருடமாவது தோண்டாமல் விடவேண்டும், பலர் தோற்பது இங்கேதான். ஆறாம் மாதமே கிளறிப் பார்க்கிறார்கள்.

எங்கள் கிணற்றடி வேலியில் நிற்பது அப்பப்பா எடுத்த கொடி ஒன்றின் அடித்துண்டு. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வீட்டில் கூரையில்லை, வேலியில்லை, கிணறு தூர்ந்திருந்தது. தூர் எடுத்த மண்ணைக் கொட்டிய இடத்தில் அந்த மாரிக்கு வெள்ளைக்கோட்டு இலை இரண்டு தெரிந்தது. நம்பாமல் நகத்தால் கீறி மணந்து பார்த்தேன். இப்போது பதினைந்து அடிக்குப் படர்ந்திருக்கிறது. வருகிறவர்களுக்குத் துண்டு வெட்டிக் கொடுக்கிறேன், வேர் கொடுப்பதில்லை. தை மாதத்தில் வாருங்கள், ஈரச்சாக்கில் சுற்றித் தருகிறேன்.